ஓடும், நிற்காது

அத்தான்,

கையில் நல்லெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டேன், சீயக்காய் போட்டும் தேய்த்தாயிற்று. பேனாவிலும் அதே வாசனை ஏறிவிட்டது. சனிக்கிழமை தலைக்கு வைத்துக் குளித்த வாசனை இல்லை இது. உங்கள் வண்டியின் பிரேக்குக்குள்ளிருந்து என் கைக்கு வந்தது.

பிரேக்கில் நல்லெண்ணெய்! நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. "மாப்ளைக்கு எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடி மண்டை சூடாயிரும்" என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே, அந்த மண்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது. நீங்கள் போய் இரண்டு ஆயுத பூஜை கடந்துவிட்டது. ஆலங்குடியில் உங்கள் வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் வண்டி அப்படியே கிடந்தது. உங்களைக் கொன்றது அந்த வண்டிதான் என்று ஊர் இன்னும் சொல்கிறது. ராசியில்லாத வண்டி, வேகத்துக்கு ஆசைப்பட்டான், போய்ச் சேர்ந்தான் என்று. இந்த அறுவடைக்குக் கடலை மூட்டை அடுக்கக் கொட்டகை வேண்டும், வண்டி வெளியே போகவேண்டும் என்று உங்கள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். வண்டியைக் கேட்டு ஆவூரிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் எடுக்காவிட்டால் காயலான் கடைக்காரன் வந்து உடைத்து எடுத்துப் போவான். அக்கா மதுரைக்கு எனக்குச் சொல்லி அனுப்பினாள்: "நீ வந்து பாத்து அந்தப் பையன்கிட்டச் சொல்லு. அவுககிட்டச் சொன்ன மாதிரியே உள்ளதைச் சொல்லு."

வேகத்துக்கென்று செய்த கார் ஒன்றைப் பழசாக வாங்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு நான் இரண்டு தடவை பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் இதே வண்டிக்கு. முதல் தடவை கேட்டது நீங்கள்.

சென்னையில் மோட்டார் டிப்ளமா முடித்து நான் ஊருக்கு வந்திருந்த சமயம். திருமயத்துக்குத் தெற்கே ஒரு பெரிய வீட்டில் பாகம் பிரிக்கிறார்கள், ஒரு சீமைக் கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அந்த வீட்டில் வண்டியைக் காட்டியவர் கணக்குப்பிள்ளை. கொட்டகைக் கதவைத் திறந்ததும் நீங்கள் மூச்சுவிட மறந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே கூரையில்லாத, இரண்டே இரண்டு பேர் உட்காரும் சிவப்பு வண்டி. வண்டியில் பாதிக்கு மேல் மூக்குதான். சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்த சக்கரங்கள். வேகமானியில் நூறு மைல் வரை எழுதியிருந்தது. அதன் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"ஓட்டவே இல்லைங்க," என்றார் கணக்குப்பிள்ளை. "மலாயாவுலேருந்து கப்பல்ல வந்துச்சு. மொதலாளி ரெண்டு தடவை காரைக்குடிக்குப் போய்ட்டு வந்தாக. அப்புறம் யுத்தம், பெட்ரோல் இல்லை. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு ஸ்டார்ட் பண்ணி, பொட்டு வச்சு, எங்கெங்க மூடி இருக்கோ அங்கெல்லாம் தொறந்து ஒரு கரண்டி எண்ணெய் ஊத்திருவோம். கொழந்தை மாதிரி வச்சிருக்கோம்."

"என்ன எண்ணெய்?" என்றேன்.

"செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் தம்பி. மட்டமானதை ஊத்துவமா?"

நான் கால்பலகையைக் கழற்றிப் பிரேக் குடுவையைத் திறந்தேன். பிசின் மாதிரி ஒரு குழம்பு. பிரேக்கை அமுக்கும் எண்ணெய், ரப்பர் வளையங்களுக்கு நடுவே போய்வர வேண்டியது. நல்லெண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பிக் கூழாகிவிடும். கால் மிதியை அமுக்கினேன். பலகை வரை போய் உட்கார்ந்துகொண்டது. கதவுக்கு அடியில் திருப்புளியால் குத்தினேன். பிடி வரை உள்ளே இறங்கிற்று. அந்தக் காலத்துச் சீமை வண்டிகளுக்குத் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம். நம்ம பக்கத்துக் கரையான் அதைத் தின்று முடித்து, அந்த இடத்தில் புற்றுமண்ணை நிரப்பி வைத்திருந்தது. தகரமும் பெயிண்டும் மட்டும் மண்ணின்மேல் நின்றுகொண்டிருந்தன.

"ஓடுமா மாப்ளே?" என்றீர்கள்.

"ஓடும். நிக்காது."

கணக்குப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நிக்காம எங்கிட்டுங்க போகும்? இத்தனை வருசமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கு!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகைப் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

திரும்பும் வழியில், திருமயம் கோட்டைக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து நான் உங்களைக் காய்ச்சி எடுத்தேன். ஓட்டாத வண்டி புது வண்டி என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள், அது சுத்தப் பேத்தல்; ஓடுகிற வண்டி தேயும், ஓடாத வண்டி அழுகும், தேய்ந்ததைச் சரிசெய்யலாம், அழுகியதை மாற்றத்தான் வேண்டும் என்றேன். ஒரு வால்வு போனால் சென்னைக்கு எழுதவேண்டும், சென்னைக்காரன் பம்பாய்க்கு எழுதுவான், பம்பாய்க்காரன் சீமைக்கு எழுதுவான், கப்பல் வருவதற்குள் இன்னொரு வால்வு போகும் என்றேன். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். நம்ம ரோட்டில் மாடும் ஆடும் கடலை வண்டியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் அதன் வேகத்தில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. "அக்காளும் நீங்களும் உக்காந்தா ஒரு மாம்பழக் கூடை வைக்க எடம் இருக்கா?" என்று முடித்தேன்.

நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள். இரைச்சலில்லாமல் நீங்கள் பேசிய அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

"நான் கரி பஸ்ஸுல டிரைவரா ஏறுன ஆளு மாப்ளே. யுத்த காலத்துல பின்னாடி அடுப்பை வச்சுக் கரியப் போட்டு ஓட்டுவோம். மேடு வந்தா பாசஞ்சரை எறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லணும். கர்ப்பிணிப் பொம்பளைகூட எறங்குவா. இப்ப பெட்ரோல் பஸ்ஸு குடுத்திருக்கான், அதுலயும் வேகத்தை அடக்குற கவர்னர வச்சு சீல் போட்டுட்டான். அமுக்குனாலும் ஒண்ணு, அமுக்காட்டியும் ஒண்ணு. ஒரே ஒரு தடவை, நான் அமுக்குற அளவுக்குப் போற வண்டியில ஒக்காரணும்."

"அதுக்காக இதையா வாங்கணும்?"

"வாங்கலாமா கூடாதான்னு நீ பாத்துச் சொல்லிட்டே. வேணுமா வேண்டாமான்னு நான்தானே சொல்லணும்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உங்கள் பங்குக்கு வந்த மேட்டுக்காட்டை விற்று வாங்கினீர்கள். திருமயத்திலிருந்து ஆலங்குடி வரை மாடு கட்டி இழுத்து வந்தீர்கள். வழியெல்லாம் ஒரே சிரிப்பு. "எத்தனை குதிரை பவருண்ணே?" என்று கேட்டவனுக்கு, "இப்போதைக்கு ரெண்டு மாடு" என்று பதில் சொன்னீர்கள். வீட்டு வாசலில் மாமா, உங்கள் அப்பாதான், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இம்புட்டு நீளத்துக்கு ரெண்டே பேரா? இத செஞ்சவன் குடும்பம் இல்லாதவனா இருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்கு அந்தக் கொட்டகையில்தான் போயின. வாங்காதீர்கள் என்று சொன்னவன் நான். ஆனால் அரைகுறையாய் ஒரு வண்டி கண்ணெதிரே கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. கரையான் தின்ற சட்டம் எல்லாவற்றையும் உருவிவிட்டு வேம்பில் இழைத்துப் போட்டோம். பிரேக் ரப்பர்கள் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வந்தன. பிரேக் எண்ணெய் மட்டும் சமயத்துக்குக் கிடைக்காது. அதற்கு விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து ஊற்றச் சொல்லிக் கொடுத்தேன். "இது ஒண்ணுதான் ரப்பரைத் தின்னாது. நல்லெண்ணெய், கடலெண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவும் கிட்டவே வரக்கூடாது" என்று கத்தினேன். அக்கா கொட்டகை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "ஏன்டா, வண்டிக்கே பேதிக்குக் குடுக்குறியா?" நீங்கள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

முதன்முதலில் வெளியே எடுத்த விடியற்காலை. புதுக்கோட்டை ரோட்டில், புளியமரங்கள் கொஞ்சம் விலகி நிற்கிற அந்த நேர்ப் பாதை. நீங்கள் அமுக்கினீர்கள். அமுக்க அமுக்க அது போய்க்கொண்டே இருந்தது. காற்று கன்னத்தை இழுத்துப் பின்னால் கட்டிற்று. வேகமானி முள்ளை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. நாள்பட்ட பல்வலி நின்றுபோன ஆளின் முகம் மாதிரி இருந்தது. பிறகு ஒரு மைல்கல்லைக் கண்ணால் காட்டிவிட்டுப் பிரேக்கை அமுக்கினீர்கள். கல்லுக்கு நேரே முன்சக்கரம் வந்து நின்றது. என் பக்கம் திரும்பினீர்கள்.

"நிக்குது மாப்ளே."

அவ்வளவுதான் சொன்னீர்கள். எனக்கு அதற்கு மேல் எந்தச் சர்ட்டிபிகேட்டும் வேண்டியிருக்கவில்லை.

அக்காவை ஓட்டவைத்த நாளையும் சொல்லவேண்டும். கடலை காயப்போடுகிற களத்தில், கடலை அள்ளிய பிறகு, அவளை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தீர்கள். அவள் குனிந்து முன்சக்கரத்தைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டு வைக்கோல்போர் மேலேயே போனாள். "சக்கரத்தைப் பாக்காதே. எங்கிட்டுப் போகணுமோ அங்கிட்டுப் பாரு. கை தானா வரும்" என்று நீங்கள் பக்கத்திலேயே ஓடிவந்தீர்கள். மூன்றாவது சுற்றில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மாமா தூரத்திலிருந்து, "களம் என்ன தேரோடும் வீதியா?" என்று கத்தினார். அக்கா நிறுத்தவில்லை. நிறுத்த அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

நான் மதுரையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த பிறகு அந்தத் தந்தி வந்தது. ஆலங்குடியில் இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். தாழ்த்தியும் கேட்டது.

"அந்தக் காரு வச்சிருந்தாருல்ல, அவரு மச்சினன்."

"வேகமா போயிருப்பாரு."

வேகமாக! அத்தான், அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

காரியங்கள் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எனக்கு அழத் தெரியவில்லை. பார்க்கத் தெரிந்ததைப் பார்க்கப் போனேன். நீங்கள் ஓட்டிய பஸ் அதே இடத்தில் நின்றது. பழைய பஸ். கைபிரேக் பேருக்குத்தான். அந்த மாதிரி பஸ்களை இரவு நிறுத்துவதற்கு உங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒன்று, கியரைப் போட்டு நிறுத்துவீர்கள். இல்லாவிட்டால் கியரை எடுத்துவிட்டு முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு செம்புராங்கல்லை வைப்பீர்கள். இரண்டில் ஒன்றுதான். ஆகையால் காலையில் வருகிற டிரைவர் ஏறிப் பார்க்கவே மாட்டார். கல் இருந்தால் கியர் இல்லை. நேரே முன்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றலாம்; கியர் விழுந்திருந்தால்தான் எஞ்சின் பிடித்ததும் வண்டி ஆள்மேல் பாயும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். எத்தனையோ வருஷமாக யாரையும் ஏமாற்றாத சட்டம்.

முதல்நாள் ராத்திரி நல்ல மழை. தரை சுவரைப் பார்த்துச் சரிவு. வண்டியைக் கொண்டுவந்து விட்ட டிரைவர் கியரையும் போட்டார், கல்லையும் வைத்தார். காலையில் நீங்கள் வந்தீர்கள். கல்லைப் பார்த்தீர்கள். சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நின்று ஹேண்டிலைச் சுற்றினீர்கள். உங்கள் கை பட்ட எஞ்சின் அத்தான், அரைச் சுற்றில் பிடித்துக்கொள்கிற மாதிரி நீங்களே வைத்திருந்த எஞ்சின். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. நனைந்த மண்ணில் கல் அமிழ்ந்துபோயிருந்தது. பஸ் அதன்மேல் ஏறி வந்தது.

நூறு மைல் வரை எழுதிய வண்டியை வைத்திருந்த ஆள், ஒரு கிழவர் நடக்கிற வேகத்தில் போனீர்கள்.

அந்த டிரைவர் ஸ்டாண்டுக்கு வெளியே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மழையா இருக்கேன்னுதான் தம்பி ரெண்டும் பண்ணுனேன். பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்..." கவனக்குறைவு என்றால் நான் தோலை உரித்திருப்பேன். அவர் செய்தது கூடுதல் கவனம். அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இதை நான் யாரிடம் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டு முடித்ததும், "என்னமோ, அந்தக் காரு வந்த நேரம்" என்பார்கள்.

சரி, முந்தாநாளுக்கு வருகிறேன்.

தார்ப்பாயை விலக்கும்போது ஆவூர்ப் பையனும் கூட நின்றான். வாத்தியார் மகன், இருபத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. உங்கள் மாதிரியே மூச்சுவிட மறந்தான். நான் வழக்கம்போலக் கால்பலகையில் ஆரம்பித்தேன். மூடியைத் திருகினேன். நல்லெண்ணெய். விரலை விட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. மிதியை அமுக்கினேன், பலகை வரை போயிற்று. கைபிரேக்கை இழுத்தேன், துருப்பிடித்த கம்பி அறுந்து பிடி கையோடு வந்தது. நாம் ஒரு வருஷம் பண்ணிய வேலை எல்லாம் கூழ்.

"எந்த மடையன்டா இதுல நல்லெண்ணெய ஊத்துனது?" என்று கத்தினேன்.

"நான்தான்டா," என்றாள் அக்கா.

கொட்டகை வாசலில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றாள். அப்போதுதான் நான் நிமிர்ந்து வேகமானியைப் பார்த்தேன். கண்ணாடியில் சந்தனம். அதற்கு நடுவே குங்குமம். காய்ந்து உதிராத, இந்த வருஷத்துக் குங்குமம்.

"ரெண்டு வருசமும் நான்தான் கும்பிட்டேன். எல்லாரும் உள்ள சாமி கும்பிடுறப்ப இங்கிட்டு வந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கும்பிட்டேன். எண்ணெய் கொறைஞ்சிருந்துச்சு. ஊத்துனேன்."

"வெளக்கெண்ணெய்னு தெரியாதா ஒனக்கு? நீயும்தானே நின்னு கேட்டே?"

"தெரியும். நல்ல நாளும் அதுவுமா பேதி மருந்தையா ஊத்துவாக?"

என் கண் வேகமானியிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "பொட்டு வைக்கக்கூடாதுன்னு எனக்குத்தானே சொன்னாக. வண்டிக்கா சொன்னாக?"

ஆவூர்ப் பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சங்கடமாய் நின்றான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். "ஓடுமாண்ணே?" என்றான்.

உங்களிடம் சொன்ன மாதிரியே உள்ளதைச் சொல்லச் சொல்லியிருந்தாள். சொன்னேன். "ஓடும். நிக்காது. ரப்பர் பூராவும் போச்சு. இப்பவே எடுத்து ஓட்டுனா முதல் திருப்பத்துல நீ இருக்க மாட்டே. பிரிச்சுச் செய்யணும்னா ஒரு வருசம் ஆகும், சாமான் கிடைக்காது, ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாது, வித்தா திரும்ப வாங்க ஆள் இல்லை. வாங்காதே தம்பி."

"அப்ப அவர் மட்டும் ஏன் வாங்குனாரு?"

"அவருக்கு வேணும்னு இருந்துச்சு."

அவன் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். உங்கள் மாதிரி வேண்டுமென்று சொல்லிவிடுவானோ என்று பயமாயிருந்தது, சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன். பிழைத்துக்கொள்வான்.

மாமா கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "வித்துப் போகாதுல்ல? அப்ப காயலான் கடைக்காரனை வரச் சொல்றேன்," என்றார். அக்கா தார்ப்பாயை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக, இனி அதை விரிக்க வேண்டியதில்லை என்பது மாதிரி. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"நான் எடுத்துக்கிறேன் மாமா," என்றேன்.

"ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னே?"

"ஆகாத வண்டிதான்."

அவர் என்னையே பார்த்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள கொண்டு போயிரு" என்றார். மறுநாள் காலையில் நான் யாரிடம் மாடு கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவரே தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். "புது ஆளுக்கு இதுக அடங்காது" என்றார், யாரும் கேட்காமலே.

புதுக்கோட்டை ரோட்டில் எங்கள் ஆத்தா வீடு வரை இழுத்துப் போவதாக ஏற்பாடு. மாட்டை மாமா நடத்துவார். ஸ்டியரிங்கை ஒருவர் பிடிக்கவேண்டும். பிரேக் இல்லாத வண்டி, மாடு நின்றதும் உருண்டுபோய் அதுகளின் காலில் இடிக்கும். அதற்கு முன்சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க ஒருவர் கூடவே நடக்கவேண்டும். நான் ஒருவன் இரண்டையும் செய்ய முடியாது.

"நான் புடிக்கிறேன்," என்றாள் அக்கா. "கொஞ்ச நாள் ஆத்தாகிட்ட இருந்துட்டு வாரேன் மாமா."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "சரி ஆத்தா" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவள் பகல் வெளிச்சத்தில் தெருவுக்கு வந்தது அன்றைக்குத்தான். வெள்ளைச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்தாள். கடைத்தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நீங்கள் மாடு கட்டிக் கொண்டுவந்தபோது சிரித்த அதே தெரு. யாரும் சிரிக்கவில்லை, யாரும் எத்தனை குதிரை பவர் என்று கேட்கவும் இல்லை. மாமா ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பாமல் முன்னால் நடந்தார். ஊர் எல்லை வரை அக்கா குனிந்து முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டி இங்கிட்டும் அங்கிட்டும் அலைந்தது. எல்லை தாண்டியதும் நிமிர்ந்தாள். ரோட்டைப் பார்த்தாள். கை தானாக வந்தது.

நான் ரோட்டோரத்தில் ஒரு செம்புராங்கல்லைப் பொறுக்கிக்கொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தின் கூடவே நடந்தேன். கனம்தான். தோள் மாற்றி மாற்றிச் சுமந்தேன். மாடு தண்ணீருக்கு நிற்கும், எதிரே வண்டி வந்தால் நிற்கும், சும்மாவும் நிற்கும். நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கல்லை வைத்தேன். கல்லை வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கதவுக்கு மேலாக எட்டிக் கையை உள்ளே விட்டுக் கியர் குச்சியை ஆட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கியர் விழவில்லை என்று தெரிந்த பிறகே கையை எடுத்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எஞ்சின்தான் ஓடலையேடா. எதுக்கு அதைப் போட்டு ஆட்டுறே?"

மாடு நகர்ந்தது. நான் குனிந்து கல்லை எடுத்துக்கொண்டேன்.